விழுவதற்கும் ஒரு பயிற்சி

அறுபது தாண்டியவர்களுக்கு நம் ஊரில் இரண்டே விளையாட்டுகள்தான் அனுமதி. ஒன்று காலை நடை. இன்னொன்று டி.வி.யில் கிரிக்கெட் பார்ப்பது. காலை நடையையும் கொஞ்சம் வேகமாக நடந்தால் எதிரே வருபவர் நிறுத்தி, "சார், பாத்து... இந்த வயசுல விழுந்தா அவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். சொல்கிறவருக்கு நல்ல மனசுதான். ஆனால் இந்தப் "பாத்து" எத்தனை பேரை நாற்காலியோடு நாற்காலியாக ஒட்ட வைத்திருக்கிறது என்பதை நான் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் கட்சி இதுதான்: விழாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு அவசியமோ, விழவும் எழவும் பழகிக்கொள்வது அவ்வளவு அவசியம். இந்த ஞானம் எனக்கு யோகா வகுப்பில் வரவில்லை. இந்தப் பொங்கலுக்குச் செஞ்சியில் எங்கள் தெருப் பையன்கள் நடத்திய விளையாட்டுப் போட்டியில், 67 வயதில், ஒரு பிளாஸ்டிக் பந்துக்குள் தலைகீழாகக் கிடந்தபோது வந்தது.

விளையாட்டின் பெயர் பபுள் சாக்கர். தமிழில் குமிழிக் கால்பந்து என்று சொல்லலாம் என்றேன், பையன்கள் சிரித்தார்கள். நீங்கள் பார்த்திருக்காவிட்டால் இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காற்றடித்த பெரிய கண்ணாடிப் பந்து போல ஒன்று, சுமார் ஒன்றரை மீட்டர் விட்டம். நடுவில் ஒரு குழாய் போல ஓட்டை. மேலும் திறந்திருக்கும், கீழும் திறந்திருக்கும். அந்த ஓட்டைக்குள் நாம் நுழைந்து, பள்ளிக்கூடப் பை மாட்டுவது போலத் தோளில் இரண்டு பட்டைகளை மாட்டி, முன்னால் இருக்கும் இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையிலிருந்து தொடை வரைக்கும் பந்துக்குள். கால் மட்டும் வெளியே. அப்படியே ஓடிக் கால்பந்து ஆட வேண்டும். எதிராளியை இடித்துத் தள்ளலாம். இடிப்பதுதான் ஆட்டம், கோல் போடுவது ஒரு சாக்கு என்று சொன்னாலும் தப்பில்லை.

இது ஆரம்பித்ததும் ஒரு கேலிக்குத்தான். 2011ல் நார்வே நாட்டில் ஹென்ரிக் எல்வெஸ்டாட், யோஹான் கோல்டன் என்ற இருவர் 'கோல்டன் கோல்' என்ற டி.வி. நிகழ்ச்சியில் சிரிப்புக்காக இதைச் செய்து காட்டினார்கள். பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போய் ஐரோப்பா, அமெரிக்கா என்று பரவி, நம் பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது. பெரிய கம்பெனிகளின் சுற்றுலாவிலும் பிறந்தநாள் விழாவிலும் ஆடுகிறார்கள். வாடகைக்குக் கிடைக்கிறது. எங்கள் பையன்கள் புதுச்சேரியிலிருந்து ஆறு குமிழிகளையும் காற்றடிக்கும் மோட்டாரையும் ஒரு மினி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். உறியடி, கயிறு இழுத்தல், கோணிப்பை ஓட்டம் எல்லாம் உண்டு, அத்தோடு இது. என் பங்குக்கு 300 ரூபாய் கொடுத்திருந்தேன், கோயில் நன்கொடை மாதிரி.

ஆடுகளம், ப்ளாட் போட்டு இன்னும் விற்காத ஒரு மனைப்பிரிவு. இப்போதெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விற்காத ப்ளாட்தான் மைதானம்; விற்றுவிட்டால் அடுத்த ப்ளாட்டுக்குப் போய்விடுவார்கள். பையன்கள் காலையிலேயே வந்து எல்லைக் கல், கண்ணாடிச் சில்லு, நெருஞ்சி முள் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். எங்கள் பாதுகாப்புக்கு என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். குமிழி பஞ்சரானால் வாடகைக்காரர் முழுப் பணமும் கேட்பார் என்று பிறகு தெரிந்தது.

என்னை ஸ்கோர் எழுதத்தான் கூப்பிட்டார்கள். இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் கணக்கில் தப்பு விடமாட்டான் என்று நம்பிக்கை. நானும் ஆடுகிறேன் என்றதும் பெரிய அமைதி. என்னிடம் படித்த பையன் ஒருவன், இப்போது அவனுக்கே நாற்பது இருக்கும், "சார், வேணாம் சார், மேடம் எங்களத்தான் திட்டுவாங்க" என்றான். மேடம் அங்கேயே இருந்தாள். "ஏங்க, பிபி மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். போட்டேன் என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயம்.

கற்றுக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். சட்டைப்பையில் பேனா இருக்கக் கூடாது (ஆசிரியர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம்). சாவி, பெல்ட், மோதிரம் எல்லாம் வெளியே. பல்செட் இருந்தால் அதுவும். குமிழி சுமார் பத்துக் கிலோ. மாட்டியதும் பாரம் தோளில் இறங்கி, உடம்பு முன்னால் சாயப் பார்க்கும். உள்ளே நம் மூச்சுச் சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கும். பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தால் எதிரே இருப்பவர் நீருக்குள் நிற்பது போல நெளிவார். கால் தெரியாது. கால் தெரியாமல் கால்பந்து ஆடுவது என்பது, கரும்பலகையைப் பார்க்காமல் எழுதுவது மாதிரி. பழகினால் வரும்.

முதல் ஐந்து நிமிடம் நான் பந்தைத் தொடவே இல்லை. நடப்பதற்கே வேலை சரியாக இருந்தது. நம் வயதில் நாம் எல்லோரும் முழங்காலை மடக்காமல் விறைப்பாகத்தான் நடக்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? குமிழிக்குள் அப்படி நடந்தால் ஓர் எலுமிச்சம்பழம் இடித்தாலும் விழுவீர்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, காலைச் சற்று அகட்டி வைத்தால் நிற்கலாம். சடுகுடு ஆடியவர்களுக்கு இது தெரிந்த நிலைதான். என் பேரன், 14 வயது, பக்கத்தில் ஓடிக்கொண்டே சொல்லிக்கொடுத்தான்: "தாத்தா, இடிக்க வந்தா தாடைய நெஞ்சோட ஒட்டிக்கோ. கைப்பிடிய விடாத. விழும்போது காலத் தூக்கிடு." நான் அவனுக்கு நியூட்டன் விதிகள் சொல்லிக்கொடுத்தபோது இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்று சந்தேகம்.

சொல்லி முடித்த கையோடு அவனே வந்து இடித்தான்.

விழுந்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முழுதாக விழுந்தேன். வானம் தெரிந்தது, பிறகு மண் தெரிந்தது, பிறகு மறுபடியும் வானம். என் செருப்பில்லாத கால்கள் இரண்டும் மேலே. வலி எங்கே என்று தேடினேன், இல்லை. சுற்றிலும் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் சங்கராபரணி ஆற்று மணலில் பச்சைக்குதிரை தாண்டி விழும்போது வந்த சிரிப்பு அது. அதற்கப்புறம் விழுந்ததெல்லாம் சைக்கிளிலிருந்து, மொபெட்டிலிருந்து, ஒரு தரம் பள்ளிக்கூட மாடிப்படியிலிருந்து. அப்போதெல்லாம் யாரும் சிரிக்கவில்லை.

விழுவது எளிது, அதைக் குமிழி பார்த்துக்கொள்ளும். எழுவதற்குத்தான் படிக்க வேண்டும். கை உள்ளே மாட்டியிருப்பதால் ஊன்ற முடியாது. கவிழ்ந்த வண்டு மாதிரி மல்லாந்து கிடப்பீர்கள். காலை வீசி, ஊஞ்சல் போல ஆடி, ஒரு பக்கமாக உருண்டு குப்புற வர வேண்டும். பிறகு ஒரு முழங்கால், அடுத்த முழங்கால், அதன் பிறகு ஒரு பாதத்தை ஊன்றி, தொடையின் பலத்தில் எழ வேண்டும். முதல் தடவை இரண்டு பையன்கள் தூக்கிவிட்டார்கள். மூன்றாவது தடவை ஒருவன் கை கொடுத்தான். ஆறாவது தடவை நானே எழுந்தேன். அன்று நான் கோல் எதுவும் போடவில்லை. ஆனால் தரையிலிருந்து கையூன்றாமல் எழுந்தேன் என்பதை இதைப் படிக்கும் என் வயதுக்காரர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். நம்புகிறீர்களோ இல்லையோ, ஒரு தரம் வீட்டில் பாய் விரித்து முயன்று பாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

வலிக்காததன் காரணம் பதினொன்றாம் வகுப்புப் பாடம்தான். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுப்பது ஏன் என்று எத்தனை வருடம் பாடம் நடத்தியிருப்பேன்! உந்தம் மாறும் நேரம் கூடினால் விசை குறையும். என் எடை 62 கிலோ. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போய்க் கட்டாந்தரையில் மோதி நூறில் ஒரு பங்கு நொடியில் நின்றால் விசை 18,600 நியூட்டன். அதையே குமிழியின் காற்று அமுங்கி, ஐந்தில் ஒரு பங்கு நொடிக்கு நீட்டிவிட்டால் 930 நியூட்டன். கணக்குக்காகச் சொல்கிறேன், அளந்து பார்க்கவில்லை. எலும்பு முறிவதற்கும் சிரிப்பதற்கும் நடுவே இருப்பது அந்தச் சின்ன நேரம்தான். ஆனால் ஒன்று: குமிழி உடம்பைத்தான் காக்கும். கழுத்து உள்ளே சுண்டி இழுபடாமல் இருக்க நாம்தான் தாடையை ஒட்டிக்கொள்ள வேண்டும். பேரன் சொன்ன முதல் பாடம் அதனால்தான் முதல் பாடம்.

இனி, முதலில் சொல்லாமல் விட்டது.

என் அக்காவுக்கு வயது 74. மூன்று வருடம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். வீட்டுக்குப் போனதும் தினமும் நடக்க வேண்டும் என்று பிசியோதெரபி செய்த பெண் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்தாள். மகன், மருமகள், பேத்தி எல்லோரும் தங்கமானவர்கள். எழுந்தால் "அம்மா, நீ உக்காரு, நான் எடுத்துத் தர்றேன்." தண்ணீர் குடிக்கப் போனால் "ஐயோ, விழுந்துடப் போற." வாசலுக்குக்கூட விடவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டது, கால் சூம்பிவிட்டது. இன்று ஆள் பிடிக்காமல் அவளால் நிற்க முடியாது. விழுந்ததால் நேர்ந்ததில் பாதி, மறுபடி விழுவாளோ என்ற பயத்தால் நேர்ந்தது மீதி.

இது அக்கா வீட்டுக் கதை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள்; அதில் அதிகம் அறுபது தாண்டியவர்கள். பயப்படக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பயந்தவர் அடியைச் சின்னதாக எடுத்து வைக்கிறார், உடம்பை விறைக்கிறார், வெளியே போவதைக் குறைக்கிறார். தசை இளைக்கிறது, சமநிலை போகிறது, கடைசியில் விழுகிறார். எந்தப் பயத்தால் உட்கார்ந்தாரோ அதுவே நடக்கிறது. 2019ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உடற்பயிற்சி முதியவர்கள் விழுவதைச் சுமார் 23 சதவீதம் குறைக்கிறது என்றது. அதிலும் சமநிலைக்கான பயிற்சிகள் முக்கியம். நெதர்லாந்தில் முதியவர்களுக்கு விழுவதற்கென்றே வகுப்பு நடத்துகிறார்கள். மெத்தை விரித்து, எப்படிச் சரிந்து எப்படி உருள்வது என்று. ஜூடோவில் முதல் பாடமே விழுவதுதான். நம் நாட்டுக்கதையில் பாராசாரிக் குதிரையை அடக்கிய தேசிங்கு ராஜாவும் குதிரையேற்றம் பழகும்போது எத்தனை தரம் விழுந்தாரோ, கதை சொல்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

பொங்கல் முடிந்து அக்காவைப் பார்க்கப் போனபோது குமிழிக்குள் நான் உருளும் வீடியோவைப் பேரன் காட்டினான். இரண்டு முறை பார்த்தாள். "விழுந்தா வலிக்கவே இல்லையாடா?" என்றாள். இல்லக்கா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ எனக்கும் ஒண்ணு மாட்டி விடுங்கடா. பாத்ரூம் வரைக்கும் நானே போய்ட்டு வர்றேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மருமகப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. பாதுகாப்பு என்றால் ஒருவரை ஓட விடுவதற்காகவும் போடலாம், ஓடாமல் இருப்பதற்காகவும் போடலாம்; அந்த வீட்டில் இரண்டாவது வகை நடந்துகொண்டிருக்கிறது என்று அவன் அப்போதுதான் யோசித்தான் போல. மறுநாள் எனக்கு போன் செய்து, அந்தப் பிசியோதெரபி பெண்ணின் நம்பர் இருக்கிறதா மாமா என்று கேட்டான். கொடுத்தேன். அக்கா இப்போது வாக்கரோடு ஹாலைச் சுற்றி மூன்று சுற்று வருகிறாள். அதற்குமேல் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தயாரில்லை. 74 வயது, மூன்று வருடம் போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் நேராகக் குமிழி வாடகைக்கு எடுக்கக் கிளம்ப வேண்டாம். கழுத்துத் தேய்மானம், எலும்பு அடர்த்திக் குறைவு, விழித்திரைக் கோளாறு, இதயத்தில் ஸ்டென்ட், தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாது. நான் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் ஆடினேன். அவர் ஐந்து நிமிடத்துக்குமேல் ஒரே மூச்சில் ஆடக்கூடாது என்றார். உள்ளே வெக்கை அதிகம். கண்ணாடி வீட்டுக்குள் நிற்பது போல. தை மாதச் சாயங்காலம் தாங்கியது. சித்திரையில் நம் செஞ்சிப் பாறைகள் இரவு வரைக்கும் அனல் கக்கும்போது இதை நினைத்தும் பார்க்காதீர்கள். விழுந்து கிடப்பவரை இடிக்கக் கூடாது, முதுகுப் பக்கமாக வந்து இடிக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளை ஆட்டத்துக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லி வாங்க வேண்டும். முக்கியமாகத் தரை சமமாக இருக்க வேண்டும். 2013 ஜனவரியில் ரஷ்யாவில் டோம்பாய் என்ற பனிமலையில் ஸோர்ப் என்னும் பெரிய உருளும் பந்துக்குள் இருவரை வைத்துச் சரிவில் உருட்டினார்கள். அது பாதை மாறிப் பள்ளத்தில் போய் ஒருவர் இறந்தார். அது வேறு வகைப் பந்து. ஆனாலும் சரிவு சரிவுதான், நம் ஊரில் சரிவுக்குப் பஞ்சமில்லை.

குமிழிதான் வேண்டும் என்பதும் இல்லை. குமிழி பிறந்த அதே 2011ல் இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு என்ற ஊரில் ஐம்பது தாண்டியவர்களுக்காக நடைக் கால்பந்து ஆரம்பித்தார்கள். ஓடக் கூடாது, நடக்கத்தான் வேண்டும். ஓடினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். இன்று பல நாடுகளில் ஆடுகிறார்கள். ஒரு பந்தும் பத்துப் பேரும் போதும், செலவே இல்லை. நம் ஊரில் தண்ணீர் வற்றிய ஆற்றில் மணல் மிச்சமிருந்தால் விழுந்து எழுவதற்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது. மணல் மிச்சமிருந்தால் என்று சொன்னதைக் கவனியுங்கள். அது வேறு பதிவு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததிலிருந்து ராஜகிரி ஏற வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். காணும் பொங்கலன்று கேட்கவே வேண்டாம். அவர்களில் என் வயதுக்காரர்கள் பலர் அடிவாரத்துக் கல்யாண மகாலோடு நின்றுவிடுகிறார்கள். அங்கேயே களஞ்சியங்கள் இருக்கும் பகுதியில் வீரர்களின் உடற்பயிற்சிக்கூடம் என்று ஒரு கட்டடத்தைக் காட்டுவார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிடுகிறார்கள். தப்பென்று சொல்லவில்லை. ஏறுவது மூச்சு சம்பந்தப்பட்டது, இறங்குவதுதான் முழங்கால் சம்பந்தப்பட்டது. பலரும் பயப்படுவது இறங்குவதற்குத்தான். அந்தப் பயம் போக ஆறு மாதம் கீழேயே பயிற்சி செய்யலாம். தினமும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுவது, சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, இவ்வளவுதான். நான் பொங்கலுக்கு முன்பே இதைச் செய்துவந்ததால்தான் டாக்டர் சம்மதித்தார்.

அடுத்த பொங்கலுக்கும் குமிழி வருகிறது. இந்த முறை 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனியாக ஓர் ஆட்டம் வைக்கும்படி பையன்களிடம் பேசியிருக்கிறேன். ஒத்துக்கொண்டார்கள், டாக்டர் சீட்டு இருந்தால்தான் என்ற நிபந்தனையோடு. ஆறு குமிழி, அணிக்கு மூன்று பேர், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும் என்பதால் குறைந்தது பன்னிரண்டு பேர் தேவை. இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். பெண்களும் வரலாம், என் வீட்டு மேடம் ஐந்தாவதாக வருவதாகச் சொல்லியிருக்கிறாள், ஆனால் எதிரணியில்தான் ஆடுவாளாம். வேட்டி, லுங்கி வேண்டாம், பேண்ட் போட்டு வாருங்கள்.